கட்டுமானப் பொருள், வகை இரண்டு

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து அதிகாரிகளிடம் எதையுமே ஒளிக்காத ஒரே ஆள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீதியில் எல்லோரும் கூரையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள்.

காரணம் இருந்தது. முந்தின நாள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. வீடுகளில் கல்நார் வைத்திருப்பது அபாயம் என்றது. அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது என்றது. புதன்கிழமை ஆய்வாளர் வருவார், கல்நாரைப் பறிமுதல் செய்து ஊருக்கு வெளியே குழியில் புதைப்பார் என்றது. கல்நார் என்றால் என்ன என்று சொல்லாமல் போய்விட்டது.

நான்தான் சொன்னேன். நம் தலைக்கு மேல் இருக்கிற சிமெண்ட் அட்டைதான் கல்நார் என்றேன். வீதியே ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தது.

"அப்ப அட்டையை மறைச்சுரலாம்" என்றார் திருமூர்த்தி அண்ணன். பக்கத்து வீட்டுக்காரர். கிரில் பட்டறையில் வேலை. வீதியில் எது நடந்தாலும் முதலில் பேசுவது அவர்தான்.

"கூரையை எங்கீங்ணா மறைப்பீங்க?" என்றேன்.

"கட்டிலுக்கடியில. வேறெங்க மறைக்கறது?"

போல்ட்டுகளைக் கழற்றினார்கள். அட்டை பத்தடி. கட்டில் ஆறடி. முழங்காலில் வைத்து உடைத்தார்கள். வீதி முழுவதும் வெள்ளையாகத் தூசி பறந்தது. திருமூர்த்தி அண்ணனின் மனைவி வசந்தாமணி அக்கா தூசியைக் கூட்டி அள்ளினார். வீணாக்குவானேன் என்று சலித்துக் கோலமாவு டப்பாவில் போட்டுக்கொண்டார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று சிரித்தேன்.

"கூரையைக் கட்டிலுக்கடியில வெச்சுட்டு வானத்துக்கடியில படுக்கப் போற மேதைகளே" என்றேன். "அதிகாரி கேட்டா எடுத்துக் காட்டிட்டுப் போறது. மறைக்கறதுக்கு மனுசனுக்கு என்ன இருக்குது?"

"உனக்கு ஒண்ணுமில்லை கண்ணு, காலேஜ் படிக்கறே" என்றார் வசந்தாமணி அக்கா. "எங்களுக்குக் கூரை இருக்குது."

சாயங்காலம் வீதியில் கூரையோடு இருந்த வீடு எங்களுடையது மட்டும்தான். எல்லாக் காக்கைகளும் அதன்மேல் வந்து உட்கார்ந்தன. வீதியில் இருந்த நிழல் மொத்தமும் எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. நடக்க இடமில்லை. நானும் அப்பாவும் நிழலை ஒதுக்கி ஒதுக்கித்தான் சாப்பிட உட்கார்ந்தோம்.

வீட்டில் நாங்கள் இருவர்தான். அப்பா பெயர் நாச்சிமுத்து. சிமெண்ட் அட்டை கம்பெனியில் கல்நார் மூட்டை பிரிக்கிற செக்‌ஷனில் இருபத்தாறு வருடம் இருந்தவர். ஓய்வு பெற்றபோது கம்பெனி அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரமும் ஒரு இருமலும் கொடுத்தது. கடிகாரம் நின்றுவிட்டது.

புதன்கிழமை ஆய்வாளர் வந்தார். பெயர் அமலதாஸ். ஷூவுக்கு மேல் பாலித்தீன் பை மாட்டியிருந்தார். பின்னால் இரண்டு ஆட்கள் பாலித்தீன் சுருள் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். நீளமான சுருள். அவர்கள் வீதிக்குள் வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதன் வால் வந்தது.

முதலில் திருமூர்த்தி அண்ணன் வீடு. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது மழை பிடித்தது. வீதியில் ஒரு சொட்டு விழவில்லை. வீடுகளுக்குள் மட்டும் பெய்தது.

அமலதாஸ் குடையை விரித்தார்.

"கூரை எங்கே?"

"இல்லீங்க சார். நாங்க எப்பவும் இப்படித்தானுங்க."

"இந்த மழை?"

"எங்களுதுதானுங்க. பரம்பரையா வருது."

அமலதாஸ் எழுதிக்கொண்டார். கூரை இல்லை, வழக்கம் அப்படி. அடுத்த வீடு. கூரை இல்லை, வழக்கம் அப்படி. ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலில் ஒருவர் கால்களைத் தொங்கவிட்டு நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்ததும் குடையை மடக்கினார். அண்ணாந்து பார்த்தார்.

"இது என்ன?"

"கல்நாருங்க சார்" என்றேன். "ஒன்பது அட்டை. ரெண்டுல விரிசல். பக்கத்து வீட்டுக் கட்டிலுக்கடியில பார்த்தீங்கன்னா..."

"அடுத்த வீட்டைப் பத்திச் சொல்றதுக்கு வேற ஆபீஸ் இருக்கு" என்றார் அமலதாஸ். "அங்கே போய்ச் சொல்லுங்க. இங்கே உங்களைப் பத்தி மட்டும்."

ஆனால் வீதி கேட்டுவிட்டது. வசந்தாமணி அக்கா வீடு மெதுவாகத் திரும்பியது. அதன் பின்பக்கம் எங்களைப் பார்த்து நின்றது. எதிர்வீடும் திரும்பியது. மூலை வீடு திரும்பும்போது பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு வீதியில் எங்களுக்கு ஒரு வாசலும் இல்லை.

அமலதாஸ் ஒரு படிவம் கொடுத்தார். 'வீட்டில் கல்நார் உள்ள இடங்கள்' என்று போட்டு மூன்று வரிகள் விட்டிருந்தார்கள். முதல் வரியில் கூரை என்று எழுதினேன். இரண்டு வரிகள் காலியாக இருந்தன. காலி வரிகள் என்னைப் பார்த்தன. எதையோ மறைக்கிறவன் வீட்டுப் படிவம் போல இருந்தது அது.

இரண்டாவது வரியில் அப்பா என்று எழுதினேன்.

உள்ளே இருமல் கேட்டது.

அமலதாஸ் படித்தார். "ஆதாரம்?"

நானே போய் அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்துவந்தேன். எங்கள் வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை. அமலதாஸ் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு திருமூர்த்தி அண்ணன் வீட்டுக்குப் போய், அங்கிருந்த வானத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"நல்ல சரக்கு" என்றார். "கூரையை விட இதுல அதிகம்."

"கூரையை எடுத்துக்கங்க சார்."

"வீதிக்கு ஒண்ணுதான் இருந்தா அது காட்சிப் பொருள். தொடக்கூடாது." பேனாவைத் திறந்தார். "இந்த வீடு யார் சம்பாத்தியத்துல நிக்குது?"

"அப்பா பென்ஷன்லதானுங்க."

"அப்போ வீட்டைத் தாங்கறது அவரு. வீட்டைத் தாங்கற எதுவும் கட்டுமானப் பொருள்." எழுதினார். "வகை இரண்டு. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எடுத்துக்குவோம். தண்ணியில நனைச்சு, பாலித்தீன் ரெண்டு சுத்து சுத்தி, லேபிள் ஒட்டி ரெடியா வைங்க. காய்ஞ்ச பொருளைத் தொட மாட்டோம். தூசி பறக்கும்."

நோட்டீஸைக் கிழித்துக் கொடுத்தார். அவரும் ஆட்களும் போனார்கள். சுருளின் வால் போக இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

நான் அப்பாவுக்கு நோட்டீஸைப் படித்துக் காட்டினேன். அவர் முழுவதும் கேட்டார். நடுவில் இரண்டு முறை இருமினார்.

"நனைக்கறதுன்னா சுடுதண்ணியா, பச்சைத்தண்ணியா?"

"அது போடலீங்கப்பா."

"சுடுதண்ணியாவே இருக்கட்டும்." கொஞ்ச நேரம் நோட்டீஸைப் பார்த்தார். "ஏஞ்சாமி, அவன் கேட்டதுக்குச் சொன்னே. சரி. கேக்காததை எதுக்குச் சொன்னே?"

"வரி காலியா இருந்துச்சுங்கப்பா."

"காலியா இருந்தா ஒரு கோடு போட்டுட்டுப் போறது."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டால் இருமல் வரும். கோபத்தை அவர் நான்கு வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை நான் மேல்முறையீட்டுக்குப் போனேன். அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. கட்டடத்துக்கு இரண்டு மாடிதான். படியேறி முடித்த இடத்தில் ஒரு தாழ்வாரம். அதன் கடைசியில் ஒரு ஜன்னல். ஜன்னல் வரை வரிசை. சுவரில் பலகை: 'கேள்வி கேட்காதீர்கள். தாழ்வாரம் நீளும்.'

எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். "அபாயப் பொருளுக்கு இந்த லைன்தானுங்களா?"

ஜன்னல் இருபதடி தள்ளிப் போனது. வரிசை முழுவதும் அவரை முறைத்தது. ஒருவர் துப்பினார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜன்னலில் ஒரு அம்மாள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். எலுமிச்சை சாதம். நான் கவனமாகப் பேசினேன்.

"எங்கப்பாவை வகை ரெண்டுன்னு எழுதிட்டாங்க, மேடம்."

"சந்தோஷப்படு. வகை மூணா இருந்தா நேத்தே எடுத்திருப்போம்."

"அவர் பொருள் இல்லீங்க. ஆளுங்க."

"ஆளுன்னு எதுல எழுதியிருக்குன்னு சொல்லு."

"ரேஷன் கார்டுல இருக்குதுங்க."

"அது அரிசிக்கு." ஒரு வாய் சாப்பிட்டார். "சட்டத்துல வழி இருக்கு. உதிராத பொருளை இருந்த இடத்துலயே விட்டுடலாம். மேல பெயிண்ட் அடிச்சு மூடிட்டாப் போதும். உங்கப்பா உதிர்வாரா மாட்டாரான்னு சொல்லு."

"இருமுவாருங்க."

"அதுதான் உதிர்றது." ஒரு படிவத்தைத் தள்ளினார். "ஒரு நாளைக்கு எத்தனைன்னு எழுது. பூஜ்யம்னு எழுதினா இப்பவே சீல் அடிச்சுத் தர்றேன். உதிராத பொருள்னு போயிடும். வீட்டுக்குப் போயிடலாம்."

பேனாவை எடுத்தேன். அம்மாள் சீலை மையில் தொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு எண் எழுத வேண்டும். அதுவும் வட்டமான எண்.

எழுதத் தெரியாதவன் இல்லை நான். ஆனால் மனித குலம் தோன்றிய நாளிலிருந்து ஒரே ஆள் என்று சொன்னேன் அல்லவா.

இருநூற்றுப் பதினான்கு என்று எழுதினேன்.

அம்மாள் அதைப் பார்த்தார். சீலைக் கீழே வைத்தார்.

"நல்ல பையன்" என்றார், கெட்ட வார்த்தை சொல்வது போல.

தலையைத் தூக்கினேன். அப்போதுதான் பார்த்தேன். அலுவலகக் கூரையும் சிமெண்ட் அட்டை. எங்கள் வீட்டில் இருப்பதைவிடப் பழையது. நடுவில் ஒரு ஓட்டை. அதன் வழியாக வெள்ளையாக ஏதோ எலுமிச்சை சாதத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"இங்கேயும் அதே அட்டைதானே இருக்குது?" என்று கேட்டுவிட்டேன்.

பின்னால் வரிசை முனகியது. தாழ்வாரம் நீண்டது. நீளும் சத்தம் முதல்முறையாகக் கேட்டது, பழைய டிரங்குப் பெட்டியை இழுப்பது போல. நிற்காமல் நீண்டது. பெரிய கேள்வி போலிருக்கிறது.

"சட்டம் வீடுகளுக்கு" என்றார் அம்மாள். "இது ஆபீஸ். இங்கே யாரும் குடியிருக்கலை. அடுத்தவர்."

திரும்பி நடந்தேன். படிக்கட்டு கண்ணுக்கே தெரியவில்லை. இருபுறமும் புதிதாகக் கதவுகள் முளைத்திருந்தன. சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு கதவில் 'புதைக்கக் காத்திருப்பவை' என்று எழுதியிருந்தது. திறந்தே கிடந்தது.

உள்ளே பெஞ்சுகளில் பாலித்தீன் சுற்றிய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் லேபிள். ஒருவர் பாலித்தீனுக்கு உள்ளேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்ப இடம் இல்லாததால் முதல் பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தார்.

"நாச்சிமுத்து பையன்தானே நீ" என்றார். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "மூக்கு அப்படியே இருக்குது. நான் வேலுச்சாமி. உங்கப்பனும் நானும் ஒரே செக்‌ஷன்."

"வணக்கமுங்க மாமா."

"மூட்டை செக்‌ஷன்ல எல்லாரும் வந்தாச்சு. உங்கப்பன் ஒருத்தனைத்தான் காணோம்னு பேசிட்டிருந்தோம்."

பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பாலித்தீன் சரசரத்தது.

"சௌரியமாத்தான் இருக்குது" என்றார் வேலுச்சாமி மாமா. "இருமினா உள்பக்கம் வெள்ளையா மூடாக்குப் போட்டுக்கும். அப்ப யாரு மூஞ்சியும் தெரியறதில்லை. அது ஒண்ணுதான்." அதைச் சொல்லிவிட்டு இருமினார். அவர் முகம் போய்விட்டது. கொஞ்ச நேரம் வெறும் வெள்ளையோடு பேசிக்கொண்டிருந்தேன்.

"உங்களை யாருங்க மாமா எழுதிக் குடுத்தாங்க?"

வெளியே தாழ்வாரம் இன்னும் நீளும் சத்தம் கேட்டது.

"என்ற பையன்தான்" என்றது வெள்ளை. "உள்ளதை உள்ளபடி சொல்லுவான். தங்கமான பையன். அவனைக் குத்தம் சொல்ல முடியாது." பிறகு முகம் மெதுவாகத் தெரிய ஆரம்பித்தது. "வந்து பார்க்கத்தான் மாட்டேங்கறான்."

நான் ஓடினேன். தாழ்வாரத்தில் ஓடக்கூடாது என்று ஒரு பலகை இருந்தது. அதைப் படித்தேன். ஓடினேன்.

படியிறங்கி வெளியே வந்தபோது வெள்ளிக்கிழமை காலை மணி பத்து நாற்பது.

வீதிக்குள் நுழைந்தேன். வீடுகள் இன்னும் பின்பக்கத்தையே காட்டிக்கொண்டு நின்றன. ஒரு பின்ஜன்னலில் திருமூர்த்தி அண்ணன் தலை தெரிந்தது. நனைந்த தலை.

"வந்துட்டாருப்பா அதிகாரிகளோட மாப்பிள்ளை" என்றார். "பாலித்தீன் வாங்கிட்டு வந்தியா, இல்ல அவங்களே கொண்டாருவாங்களா?"

நான் அந்த ஜன்னலைத் தாண்டி நடந்தேன்.

"உங்கப்பா காத்தால இருந்து ரெடி. போ. போய்ப் பாரு."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. தலையை வாரியிருந்தார். சட்டையோடு தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். நாற்காலிக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது.

"நானே நனைஞ்சுட்டேன், சாமி" என்றார். "அவங்களுக்கு எதுக்குச் சிரமம். லேபிள் மட்டும் நீ எழுதிரு. உன்ற கையெழுத்து நல்லாருக்கும்."

வீதி முனையில் பாலித்தீன் உரசும் சத்தம் கேட்டது.

நான் கட்டிலைப் பார்த்தேன். அடியில் எதுவுமில்லை. வீதியிலேயே அடியில் எதுவும் இல்லாத கட்டில் எங்களுடையது மட்டும்தான்.

போர்வையை இழுத்துத் தரை வரை தொங்கவிட்டேன். அப்பாவின் கையைப் பிடித்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. குனிந்தார். படுத்தார். உள்ளே நகர்ந்தார். அப்பா ஆறடி இரண்டு அங்குலம், கட்டில் ஆறடி. பாதம் வெளியே நின்றது. முழங்கால்களை மெதுவாக மடக்கினேன். எதுவும் உடையவில்லை. சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் துண்டால் துடைத்தேன். நாற்காலியைத் துடைத்தேன். தரையைத் துடைத்தேன். செருப்பை அடுப்பு மேடைக்குப் பின்னால் வைத்தேன். அவருடைய டம்ளரைக் கவிழ்த்தேன்.

கட்டிலில் ஏறிக் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன்.

அமலதாஸ் உள்ளே வந்தார். ஆட்கள் வாசலில் நின்றார்கள்.

"பொருள் எங்கே?"

"எந்தப் பொருளுங்க சார்?"

"அப்பா."

"அப்பா இல்லீங்க" என்றேன்.

அமலதாஸ் படிவத்தைப் புரட்டினார். "ரெண்டாவது வரியில எழுதியிருக்கீங்க."

"வரி காலியா இருந்துச்சுங்க சார். சும்மா எழுதினேன்."

"எக்ஸ்ரே?"

"ரோட்டுல கிடந்துச்சுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அடுப்பு மேடையைப் பார்த்தார். காய்ந்த நாற்காலியைப் பார்த்தார். பேனாவைத் திறந்து இரண்டாவது வரியில் ஒரு கோடு போட்டார். நிதானமாகப் போட்டார். நான் மூச்சு விட்டேன்.

கட்டில் இருமியது.

வாசலில் நின்ற ஆட்கள் சுருளைக் கீழே இறக்கினார்கள்.

"கட்டில் இருமுச்சு" என்றார் அமலதாஸ்.

"நானுங்க சார்" என்றேன். இருமிக் காட்டினேன்.

"எத்தனை நாளா?"

"சின்ன வயசுல இருந்தே."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"இருநூத்திப் பதினாலுங்க."

அமலதாஸ் ஒரு புதுப் படிவத்தை எடுத்தார். என் பெயரைக் கேட்டார். சொன்னேன். உயரம் கேட்டார். சொன்னேன். ஆட்களில் ஒருவன் குடத்தைத் தேடி அடுப்படிக்குப் போனான். இன்னொருவன் வாசலில் பாலித்தீனை விரிக்க ஆரம்பித்தான். அதற்கு வீதி போதவில்லை.

போர்வைக்குக் கீழிருந்து ஒரு கை வந்து என் குதிகாலைப் பிடித்துக்கொண்டது. பிடி இறுகியது. இறுகினால் அடுத்த இருமல் வரப்போகிறது என்று அர்த்தம்.

வந்தபோது நானும் சேர்ந்து இருமினேன்.